தேயிலை மலையின் குளிருக்கு எந்த உருளைக்கிழங்கு சூப்?

மலேசியாவின் கேமரன் மலையில் அக்டோபர் பிறந்தால் மதியத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொள்கிறது. ரிங்லெட் கடைத்தெருவில் மாலையிலேயே மூடுபனி இறங்கி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரியாமல் போய்விடும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் 15, 16 டிகிரிவரை இறங்கும். ரிங்லெட் சற்றுத் தாழ்வான இடம்தான். ஆனாலும் ஈரமும் காற்றும் சேர்ந்துகொண்டால் குளிர் ஒன்றும் குறைவதில்லை. கிள்ளானிலும் ஈப்போவிலும் இருப்பவர்களுக்கு உருளைக்கிழங்கு சூப் எப்போதாவது ஆசைக்குச் செய்வது. எங்களுக்கு அது மழைக்காலத்து இரவுச் சாப்பாடு. அதனால்தான் எதை ஊற்றிச் செய்வது என்று நன்றாக யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் நான்கு வகை உண்டு. பால் அல்லது கிரீம் ஊற்றியது, தேங்காய்ப்பால் ஊற்றியது, ஆட்டெலும்புச் சாற்றில் கிழங்கு போட்டது, பருப்போடு சேர்த்து வேகவைத்தது. நான்கையும் சமைத்துப் பழகியவள் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார நாட்களுக்குப் பருப்பு சூப். ஞாயிற்றுக்கிழமைக்கு எலும்பு சூப். பிள்ளைகள் கேட்டால் பால் சூப், அதுவும் ஒரே வேளையில் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும். தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் வைப்பேன்.

இந்த வரிசைக்கு ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு சூப்பின் கெட்டி, கிழங்கிலிருந்தே வர வேண்டும். மைதாவும் கிரீமும் சோளமாவும் போட்டுக் கெட்டியாக்கினால் வயிறு கனக்கும். கிழங்கின் சுவை மட்டும் எங்கேயோ ஒளிந்துகொள்ளும். கிழங்கு தன் வேலையைச் செய்ய எது இடம் கொடுக்கிறதோ அதுதான் நல்ல சூப்.

ஆகவே கிழங்கைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். முட்டைக்கோஸ், தக்காளி, லீக்ஸ், செலரி எல்லாம் இந்த மலைச்சரிவிலேயே விளைகின்றன. உருளைக்கிழங்கு மட்டும் அப்படியில்லை. மலேசியாவில் விற்கப்படும் கிழங்கு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, தாப்பா சாலை வழியாக மலையேறுகிறது. கடையில் சீனா கிழங்கு, பங்களாதேஷ் கிழங்கு, அமெரிக்க ரஸ்ஸெட் என்று குவித்து வைத்திருப்பார்கள். வாங்கும்போது விலையைப் பார்ப்பதோடு ஒன்றையும் கவனிக்க வேண்டும்: அது மாவாக உதிரும் வகையா, வெந்த பிறகும் உருக்குலையாத வகையா? சொரசொரப்பான பழுப்புத் தோல் கொண்ட ரஸ்ஸெட் மாவு வகை. மெல்லிய, வழுவழுப்பான தோலும் மஞ்சள் சதையும் உள்ளவை பெரும்பாலும் உருக்குலையாதவை.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் உப்புத் தண்ணீர் சோதனை இருக்கிறது. ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கை உள்ளே போடுங்கள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு கனமானது, மூழ்கிவிடும். மற்றது மிதக்கும். புதிதாக ஒரு மூட்டை வாங்கும்போது ஒரே ஒரு கிழங்கை இப்படிச் சோதித்துப் பார்த்தால் போதும், மூட்டை முழுவதையும் எதற்குப் பயன்படுத்தலாம் என்று தெரிந்துவிடும்.

பருப்பு சூப்புக்கும் பால் சூப்புக்கும் மாவு வகைதான் வேண்டும். எலும்பு சூப்புக்கு உருக்குலையாத வகை. எது கிடைத்தாலும் பச்சை படிந்த கிழங்கை வாங்காதீர்கள். வெளிச்சத்தில் கிடந்து பச்சையான கிழங்கில் சொலனின் என்ற நச்சு கூடியிருக்கும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. வீட்டுக்கு வந்த கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சூப் அசட்டுத் தித்திப்பாகிவிடும். நம் ஊர்ச் சமையலறையின் இருண்ட மூலையே போதுமான குளிர்ச்சி. அதைவிட நல்ல இடத்தை நகரத்து வீடுகளில் தேடினாலும் கிடைக்காது.

இன்னும் இரண்டு விஷயங்கள் நான்கு வகைக்கும் பொது. புளிப்பான எதையும் கிழங்கு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். தக்காளியோ புளியோ முன்கூட்டியே விழுந்துவிட்டால் கிழங்கின் உள்ளே இருக்கும் பெக்டின் இளகாமல் இறுகி நிற்கும். அரை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். அடுத்தது, மசிப்பதற்கு மத்தோ அகப்பையோ போதும். பிளெண்டரில் போட்டு வேகமாகச் சுற்றினால் மாவுச்சத்து வெடித்து வெளியேறி, சூப் சுவரொட்டி ஒட்டும் பசைபோல் இழுபடும். பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அந்த வழவழப்பு போவதில்லை.

இனி பால் சூப். இந்த மலையில் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார்கள் குளிருக்காக இங்கே பங்களா கட்டிக்கொண்ட காலத்தில், அப்படிப்பட்ட வீடுகளில் சமைத்தவர்களில் ஹைனான் சீனர்கள் முக்கியமானவர்கள். வெண்ணெய், மைதா, டின் பால் வைத்துச் செய்யும் மேல்நாட்டுச் சூப்பு வகைகளை நம் நாட்டுக்குப் பழக்கப்படுத்தியவர்கள் அவர்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களில் வெள்ளை வெளேரென்று, நடுவில் கிரீம் சுழித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் வீட்டில் செய்யும்போது மைதாவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

பிரான்ஸில் உருளைக்கிழங்கை மக்கள் உண்ணவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட பார்மான்டியே (1737–1813) என்பவரின் பெயரால் ஒரு சூப் உண்டு. அதன் அடிப்படை லீக்ஸ், உருளைக்கிழங்கு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். கடைசியில் கொஞ்சம் வெண்ணெயோ கிரீமோ சேர்ப்பார்கள். கெட்டிக்கு மாவு கிடையாது; கிழங்கே கெட்டி. இந்த வழிதான் நமக்கும் ஏற்றது, ஏனென்றால் அதற்கு வேண்டிய லீக்ஸ் நம் சந்தையிலேயே அன்றன்றைக்குப் பறித்ததாகக் கிடைக்கிறது. வெள்ளைத் தண்டை நீளவாக்கில் பிளந்து மண் போகக் கழுவி, பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். மாவுக் கிழங்கும் தண்ணீரும் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். மசித்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, சூடாக்கிய பாலை ஊற்றுங்கள். கொதிக்கும்போது பால் ஊற்றினாலோ, புளிப்பு ஏதாவது பக்கத்தில் இருந்தாலோ திரிந்துவிடும். வெள்ளை மிளகுத்தூள் தூவினால் நிறமும் கெடாது, மணமும் நன்றாக இருக்கும். சரவாக் வெள்ளை மிளகு கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

பசும்பாலுக்குப் பதிலாக டின் பால் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரை சேர்க்காத ஆவியாக்கப்பட்ட பால் எளிதில் திரியாது. அது நல்ல குணம். ஆனால் டின்னின் முகப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். கிரிமர் செஜாட் என்று போட்டிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் இருக்கும். தேநீருக்கு அது பரவாயில்லை. சூப்பில் நாக்கின் மேல் ஒரு படலம் தங்கி, கிழங்கின் மணத்தை மூடிவிடுகிறது.

பால் சூப்பின் உண்மையான குறை மறுநாள்தான் தெரியும். மீந்ததைச் சூடாக்கினால் அடிபிடிக்கும், இல்லையென்றால் திரியும். உறையவைத்து எடுத்தால் தண்ணீர் தனியாகவும் கிழங்கு மணல் மணலாகவும் பிரிந்து நிற்கும். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சமைக்க விரும்பினால் இதைத் தொடவே வேண்டாம்.

தேங்காய்ப்பால் சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவுமில்லை. சந்தையில் பிழிந்து தரும் சந்தானில், அதாவது தேங்காய்ப்பாலில், கிழங்கு போட்டால் அது சொதியாகிவிடுகிறது. சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளச் சொதி அருமையானது. அதைக் குறைசொல்ல நான் யார்? கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும்போதுதான் தேங்காயின் தித்திப்பும் எண்ணெயும் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடுகின்றன. கொதி அதிகமானால் திரிந்து எண்ணெய் மிதக்கும். வெளியே வைத்தால் விரைவில் புளிக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில், மசித்த கிழங்கில் இறுதியாக அரைக் கோப்பை முதற்பால் சேர்த்து, ஒரு சிட்டிகை மஞ்சளோடு இறக்கலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எலும்பு சூப் வேறு உலகம். மலையில் உடம்பு நடுங்கும் இரவில் அதற்கு நிகரில்லை என்று சொல்பவர்களோடு நான் வாதிட மாட்டேன். ஆட்டெலும்பை முதலில் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, பொங்கும் அழுக்கோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு புதுத் தண்ணீரில் இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ. இவற்றில் கடைசி நான்கு வாசனைப் பொருள்களையும் மலாய்க்காரர்கள் நான்கு தோழர்கள் என்று சேர்த்தே பேசுவார்கள். மல்லி, சீரகம், சோம்பு, மிளகு ஆகியவற்றைத் துணியில் முடிந்து போடும் பூஞ்சுட் முறையையும் அவர்களிடமிருந்துதான் நாம் எடுத்துக்கொண்டோம். சூப் தெளிவாக இருக்கும், பல்லில் மசாலா அகப்படாது. கடைகளில் முடிச்சாகவே விற்கிறார்கள்; வீட்டில் வறுத்து முடிந்தால் மணம் இன்னும் எழும்பும்.

திறந்த சட்டியில் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் சிறுதீயில் இருக்க வேண்டும். குக்கரில் நாற்பது நிமிடம் போதும். இங்கே கெட்டி வருவது எலும்பின் இணைப்புத் திசுவிலிருந்து கரையும் ஜெலட்டினால். கிழங்கு துணைக்கு வருகிறது. ஆகையால் பெரிய துண்டுகளாக வெட்டி, எலும்பு வெந்த பிறகு கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் போடுங்கள். இரண்டு துண்டை எடுத்து மசித்துச் சாற்றிலேயே கலந்துவிட்டால் சாறும் கிழங்கும் ஒன்றோடொன்று சேரும். மேலே டாவுன் சூப் என்கிற செலரித் தழையும் பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயமும். கிழங்கைச் சாற்றில் போடாமல் மசித்து, வடையாகத் தட்டிப் பொரித்து, பெர்கெடில் என்று கிண்ணத்தில் மிதக்கவிடும் வழக்கமும் உண்டு. விருந்தாளி வந்தால் அதைச் செய்யுங்கள், முகம் மலர்வார்கள்.

உப்புக் கூடிவிட்டால் கிழங்கு போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சுமே தவிர, உப்பை மட்டும் தனியாகப் பிரித்து இழுக்காது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றுவதுதான் வழி.

எலும்பு சூப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவதற்குக் காரணம் நேரமும் செலவும். நல்ல ஆட்டெலும்பு எல்லா நாளும் கிடைப்பதில்லை. கோழி எலும்பில் செய்தால் மலிவு. ஆனால் கோழி எலும்பு தரும் சாறு கிழங்கைத் தாங்கும் அளவுக்குக் கனமில்லை என்பது என் எண்ணம்.

வார நாள் இரவுக்கு நான் நம்புவது பருப்பு சூப்பைத்தான். போ (BOH) தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கிய காலத்திலிருந்து கொழுந்தெடுத்து நனைந்து வந்த நம்மவர்களின் வீடுகளில், மிளகும் சீரகமும் பூண்டும் போட்ட ஏதோ ஒன்று அடுப்பில் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இப்போது கொழுந்தெடுப்பவர்களில் பலர் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். பங்களாதேஷ்காரர்களும் இதே சிவப்பு மைசூர்ப் பருப்பில் கிழங்கு போட்டுச் சமைப்பவர்கள்தான். அவர்கள் கடுகெண்ணெயில் தாளிப்பார்கள், நாம் நெய்யில் தாளிப்போம்.

நான்கு பேருக்கு என் அளவு இது. நடுத்தர மாவுக் கிழங்கு ஐந்து, அதாவது சுமார் 700 கிராம். மைசூர்ப் பருப்பு 100 கிராம். தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, கால் தேக்கரண்டி மஞ்சள். வெங்காயத்தையும் பூண்டையும் இஞ்சியையும் எண்ணெயில் வதக்கி, கிழங்கையும் கழுவிய பருப்பையும் போட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். வெந்ததும் முக்கால் பங்கை மத்தால் கடைந்து, கால் பங்கைத் துண்டுகளாகவே விடுங்கள். வாயில் ஏதாவது அகப்பட வேண்டும். முழுவதும் கூழாக இருந்தால் நோயாளி உணவுபோல் தோன்றும். கடைசி ஐந்து நிமிடத்தில் மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி போடுவது எங்கள் ஊர் வசதி. பிறகு நெய்யில் ஒன்றரைத் தேக்கரண்டி மிளகையும் ஒரு தேக்கரண்டி சீரகத்தையும் ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட்டு, கறிவேப்பிலை வெடித்ததும் சூப்பில் கொட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள்.

மைசூர்ப் பருப்பைச் சொல்வதற்குக் காரணம் இந்த உயரம். தானா ராத்தாவில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கீழே 100 டிகிரியில் வேகும் பருப்பு இங்கே கூடுதல் நேரம் கேட்கும். துவரம்பருப்பைத் திறந்த சட்டியில் வைத்தால் எரிவாயுதான் தீரும். மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலேயே கரைந்து, கிழங்கோடு சேர்ந்து ஒரே உடலாகிவிடுகிறது. பாசிப்பருப்பும் நல்லதுதான், சிவக்க வறுத்துப் போட்டால் மணம் வேறு மாதிரி இருக்கும். நேரம் கொஞ்சம் கூடும். குக்கர் இருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுவதால் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும், மூன்று விசிலில் வேலை முடியும். மலைமேல் குடும்பம் நடத்துகிறவர்கள் ஒரு நல்ல குக்கரில் பணம் போடுவதை வீண்செலவாக நினைக்கக் கூடாது.

யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதும் முடிவை மாற்றும். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பது தெரியவந்தது. நம் வீடுகளில் அது யாருக்கும் இல்லை என்று சொல்லும் குடும்பத்தைப் பார்ப்பது அரிது. கிழங்கு தனியாக மசிந்து இறங்கும்போது சர்க்கரை வேகமாக ஏறும். பருப்பின் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தால் அந்த வேகம் தணியும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கிழங்கை மூன்றாகக் குறைத்து, பருப்பையும் முட்டைக்கோஸையும் கூட்டி வையுங்கள். சூப்போடு ரொட்டியோ சோறோ வேண்டாம். ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். என் மாமியாருக்கு இந்த வகையில்தான் ஊற்றிக் கொடுக்கிறேன், மிளகைக் கொஞ்சம் கூட்டி. அவர் விரும்பிக் குடிக்கிறார்.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. தடித்த ரொட்டியைத் தணலில் வாட்டி, தொட்டுச் சாப்பிடக் கொடுங்கள். மிளகு காரமாக இருக்கிறது என்று சொன்னால், அவர்கள் கிண்ணத்தில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி சூடான பால் ஊற்றலாம். ஆனால் அந்தப் பங்கில் எலுமிச்சை பிழியக் கூடாது. இப்படிச் செய்தால் பால் சூப் கேட்டு அடம்பிடிப்பதும் குறைகிறது. பல் இல்லாத பெரியவர்களுக்கு முழுவதையும் கடைந்துவிடுங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மலைக் குளிரை நம்பி இரவெல்லாம் அடுப்பின் மேலேயே விடுவது பாதுகாப்பில்லை. 15 டிகிரி என்பது கிருமிகளுக்குப் போதுமான வெதுவெதுப்பு. எலும்பு சூப் மறுநாள் கட்டியாக உறைந்திருக்கும், மேலே படிந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். பருப்பு சூப் மறுநாள் காலையில் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகிவிடும். பாதிக்கு வெந்நீர் ஊற்றி மறுபடி சூப்பாக்கலாம். மீதிப் பாதியில் பச்சை மிளகாயும் மல்லித்தழையும் அரிந்து போட்டு, கொஞ்சம் சுண்டவிட்டால் காலைத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆகிவிடுகிறது.